வருஷத்துக்கு 4,000 கி.மீ. கூட ஓடாத கார்: ஆயில் மாத்தாம இன்னும் ஓட்டலாமா?

ஆதம்பாக்கம் ஸ்விஃப்ட் கேட்டது:

வண்டி 2018 ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், மேனுவல் கியர். மொத்த ஓட்டம் 31,000 கி.மீ. ஸ்டேஷன், ஸ்கூல், காய்கறிக் கடை, இவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்டார்ட் பண்ணினா ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு கிலோமீட்டர். கடைசியா ஆயில் மாத்தி 14 மாசம் ஆச்சு, அதுக்கப்புறம் ஓடினது 3,600 கி.மீ. தான்.

சர்வீஸ் புத்தகத்துல 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருக்கு. 10,000 வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். ஓடாத வண்டிக்கு ஆயில் எப்படிக் கெடும்ங்கிறதுதான் என் முதல் கேள்வி.

இப்ப டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பா இருக்கு, மட்டம் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் பால் காப்பி நிறத்துல கொழகொழன்னு ஏதோ ஒட்டியிருக்கு. இது பயப்பட வேண்டிய விஷயமா?

பக்கத்து மெக்கானிக் ரெண்டு விஷயம் சொல்றார். சென்னை வெயிலுக்கு 0டபிள்யூ-20ங்கிற மெல்லிய ஆயில் தண்ணி மாதிரி இருக்கும், அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 போட்டா எஞ்சினுக்கு நல்லது. அதோட எஞ்சின் ஃப்ளஷ் ஊத்திக் கழுவிட்டுப் புது ஆயில் போடணும். ரெண்டும் சரியா?

லூப்_கெமிஸ்ட் பதில்:

முதல் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கு. ஊருக்குள்ள சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.ன்னு வச்சுக்குங்க. 3,600 கி.மீ. ஓட எஞ்சின் 240 மணி நேரம் சுத்தியிருக்கு. நெடுஞ்சாலையில 60 கி.மீ. சராசரியில ஓடுற வண்டி 10,000 கி.மீ. முடிக்க 167 மணி நேரம் போதும். மீட்டர்ல உங்க வண்டி குறைவா ஓடின மாதிரி தெரிஞ்சாலும், ஆயில் பார்த்த வேலை அதைவிட அதிகம்.

அந்த 240 மணி நேரமும் ஆயிலுக்கு ரொம்ப மோசமான நேரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உண்டாகுது. பெரும்பகுதி சைலன்சர் வழியாப் போயிடும். பிஸ்டன் ரிங்கு இடுக்கு வழியாக் கொஞ்சம் கீழே சம்புக்கு, அதாவது எஞ்சின் அடியில ஆயில் தேங்குற தொட்டிக்கு, இறங்கும். எஞ்சின் குளிர்ச்சியா இருக்கும்போது பெட்ரோல் கலவை கெட்டியா அடிக்கும். எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயிலோட சேரும். ஆயில் நல்லா சூடானா இந்தத் தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகி, பிசிவிங்கிற ஆவி வெளியேத்துற வால்வு வழியா, எஞ்சின் காத்து இழுக்கிற இன்டேக்குக்குப் போய் எரிஞ்சிடும். ஆனா ரெண்டு மூணு கிலோமீட்டர்ல ஆயில் அந்தச் சூட்டைத் தொடறதே இல்லை. டேஷ்போர்டுல காட்டுறது கூலன்ட் சூடு. ஆயில் சூடேற அதைவிட ரெண்டு மடங்கு நேரம் பிடிக்கும். நீங்க வண்டியை நிறுத்துற நேரத்துலதான் ஆயில் வெதுவெதுப்பாவே ஆகியிருக்கும்.

மூடிக்குக் கீழே பார்த்த காப்பி நிறம் இந்தத் தண்ணிதான். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாவோ பழுப்பாவோ தெளிவா இருந்து, கூலன்ட் டப்பாவில் மட்டமும் குறையலைன்னா பயப்பட ஒண்ணுமில்லை. ஒரு 40 நிமிஷம் விட்டு விடாம ஓட்டினா மறைஞ்சிடும். டிப்ஸ்டிக்கிலேயே மோர் மாதிரி வெளுத்திருந்தா மட்டும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. அது ஹெட் கேஸ்கட் போனதாவோ வெளித் தண்ணி உள்ளே போனதாவோ இருக்கும்.

அடுத்தது ஆயிலுக்குள்ள கலந்திருக்கிற மருந்துகள். எரிபொருள் எரிஞ்சு வர்ற அமிலத்தை முறிக்கக் காரத்தன்மை உள்ள டிடர்ஜென்ட், கரியைப் பொடிப்பொடியா மிதக்க வைக்க டிஸ்பெர்சன்ட், வால்வைத் திறக்கிற கேமும் டேப்பெட்டும் உரசுற இடத்துல படலமா உட்கார துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், ஆயில் காத்தோட சேர்ந்து கெட்டியாகாம இருக்க ஆக்சிஜன் தடுப்பான். அடிப்படை எண்ணெய் சுலபத்துல தேயாது. தீர்ந்து போறது இந்த மருந்துகள்தான். வண்டி வீட்டுல நின்னாலும் தண்ணியும் அமிலமும் கலந்த ஆயில் உள்ளே வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். புத்தகத்துல "ஒரு வருஷம்"னு தனியாப் போட்டிருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

நிறத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. கறுத்துப் போன ஆயில் கரியைத் தூக்கிச் சுமக்குதுன்னுதான் அர்த்தம், அது அதோட வேலை. வீட்டிலேயே பார்க்கிற ஒரு சோதனை இருக்கு. எஞ்சின் சூடா இருக்கும்போது டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டை ப்ளாட்டிங் பேப்பர்லயோ காப்பி வடிகட்டுற தாள்லயோ விடுங்க. தாளை ஒரு டம்ளர் வாய் மேல சமமா வச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில சாம்பல் நிறம் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் மெல்ல மெல்ல வெளுத்துப் பரவியிருந்தா டிஸ்பெர்சன்ட் இன்னும் உயிரோட இருக்கு. நடுவுல கன்னங்கரேல்னு ஒரு பொட்டு, அதைச் சுத்தி வெட்டினாப்ல கூர்மையான விளிம்பு, வெளியே வெறும் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தா, கரியைச் சுமக்கிற சக்தி தீர்ந்துபோச்சு. வெளி ஓரத்துல நிறமில்லாத அகலமான வளையம் தெரிஞ்சா பெட்ரோல் கலந்திருக்கு. இது லேப் ரிப்போர்ட் இல்லை, ஆனா வெறும் கண்ணால நிறம் பார்க்கிறதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

14 மாசம் ஆச்சுன்னு சொல்றீங்க. இந்த வாரமே மாத்திடுங்க.

டேப்பெட் கவர் பதில்:

மேலே சொன்னது வேதியியல். ஆயில் மாத்தாத எஞ்சினுக்குள்ள என்ன ஆகுதுன்னு நான் சொல்றேன். எஞ்சினுக்கு மேல்மூடியான டேப்பெட் கவரைத் திறந்த உடனே தெரிஞ்சிடும். ஒழுங்கா மாத்தின எஞ்சின்ல கேம் ஷாஃப்ட் லேசாத் தேன் நிறத்துல பளபளன்னு இருக்கும். மாத்தாத எஞ்சின்ல கவருக்கு அடியில விரலால வழிக்கிற மாதிரி கறுப்புக் கசடு, ஆறிப்போன தார் மாதிரி.

அந்தக் கசடு மேலே இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும். சிக்கல் அது கீழே இறங்கும்போது. சம்புக்குள்ள ஆயில் பம்ப் உறிஞ்சற வாயில ஒரு வலை ஸ்ட்ரெய்னர் இருக்கு. கசடு அதை அடைச்சா டிப்ஸ்டிக்கில் ஆயில் முழுசா இருக்கும், ஆனா மேலே போய்ச் சேராது. பிஸ்டன் சுத்த வைக்கிற க்ராங்க் ஷாஃப்ட், பேரிங்குக்குள்ள ஆயில் படலத்து மேலதான் மிதக்குது. அது அறுந்தா இரும்பும் பேரிங்கும் நேரா உரசி, சில நிமிஷத்துல "டக் டக்"னு அடியிலிருந்து சத்தம் வரும். அதுக்கப்புறம் எஞ்சினை இறக்கணும்.

சிவப்பு ஆயில் விளக்கு பத்தி நிறைய பேர் தப்பா நினைச்சுட்டிருக்காங்க. அது காட்டுறது ஆயில் மட்டம் இல்லை, அழுத்தம். ஓடும்போது எரிஞ்சா "பக்கத்துல ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவாப் போயிடலாம்"னு போகக் கூடாது. ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைக்கணும். டோ பண்ற செலவு எஞ்சின் வேலைக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

அதுக்கு முன்னாடியே ரெண்டு இடம் பாதிக்கும். ஒண்ணு, பிஸ்டன்ல மூணாவதா இருக்கிற ஆயில் ரிங்கு. அதோட சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் கரி அடைச்சு ரிங்கு காடியிலேயே ஒட்டிக்கும். சுவர்ல இருக்கிற ஆயிலை வழிக்காது, அது எரிய ஆரம்பிக்கும். வண்டி ஆயில் குடிக்கும், ஆக்சிலரேட்டர் மிதிச்சா நீலப் புகை. எரிஞ்ச ஆயில் சாம்பல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். ஹாஃப் எஞ்சின் வேலைன்னு சொல்றது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குது.

ரெண்டாவது, க்ராங்கையும் கேமையும் சேர்த்துச் சுத்த வைக்கிற டைமிங் செயின். உங்க வண்டியில பெல்ட் இல்லை, செயின்; எஞ்சின் இருக்கிற வரைக்கும் வரும்னு சொல்வாங்க. நல்ல ஆயில்ல ஓடினாதான் வரும். அழுக்கு ஆயில்ல ஒவ்வொரு பின்னும் துளி துளியாத் தேய்ஞ்சு செயின் நீளும். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யுது. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டு செகண்ட் கரகரன்னு சத்தம் வந்து அடங்கினா அது செயினா இருக்கலாம். நீளம் கூடினா க்ராங்குக்கும் கேமுக்கும் பொருத்தம் தப்பி, எஞ்சின் கம்ப்யூட்டர்ல பி0016னு பிழைக் குறியீடு விழும். சில பேர் சென்சாரை மாத்தி மாத்திப் பார்த்துக் காசை விடறாங்க.

இப்ப 20டபிள்யூ-50. அதைச் சொன்ன மெக்கானிக் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார். அந்தக் காலத்து எஞ்சினுக்கு அது சரியும்கூட. உங்க எஞ்சினுக்குச் சரி இல்லை. வெளியே 42 டிகிரி அடிச்சாலும் 25 டிகிரி இருந்தாலும், தெர்மோஸ்டாட் எஞ்சின் சூட்டைக் கிட்டத்தட்ட ஒரே அளவுல வச்சிருக்கும். சென்னை வெயில் ஆயிலைத் தண்ணியாக்குறது இல்லை. 100 டிகிரியில 20 கிரேடு (பேர்ல கடைசி எண்தான் கிரேடு) ஆயிலோட பாகுத்தன்மை 6.9க்கும் 9.3க்கும் நடுவுல, 50 கிரேடுக்கு 16.3லிருந்து 21.9 வரைக்கும். உங்க பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வு டைமிங்கை மாத்துற விவிடி எல்லாம் முதல் அளவுக்குக் கணக்குப் பண்ணினது. விவிடிக்கு ஆயில் போற வழியில முடி கனத்துல வலை இருக்கு. ரெண்டு மடங்கு கெட்டியான ஆயில் போட்டா விவிடி தாமதமா அசையும், மைலேஜ் குறையும். முக்கியமா, காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கேம் வரைக்கும் ஆயில் போய்ச் சேர நேரமாகும். எஞ்சின் குளிர்ச்சியா ஸ்டார்ட் ஆகிற நேரத்துல தேய்மானம் அதிகம். தினம் நாலு ஸ்டார்ட் பண்ற வண்டிக்கு இது ரொம்பப் பாதகம். புத்தகத்துல 5டபிள்யூ-30ம் அனுமதிச்சிருந்தா அது வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வேண்டாம்.

ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். சுத்தமா இருக்கிற எஞ்சினுக்கு அது தேவை இல்லை. கசடு கட்டின எஞ்சினுக்கு அது ஆபத்து, ஏன்னா கட்டி கட்டியாப் பேர்ந்து நேரா ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். உள்ளே அழுக்கு இருக்கும்னு சந்தேகமா இருந்தா நல்ல ஆயில் போட்டு 2,500 கி.மீ.யில ஒரு தடவை, இன்னொரு 2,500ல ஒரு தடவை ஃபில்டரோட மாத்துங்க. டிடர்ஜென்ட் நிதானமா, பொடியாக் கரைச்சு எடுத்துட்டு வரும்.

ஆதம்பாக்கம் ஸ்விஃப்ட்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 20டபிள்யூ-50 யோசனையை விட்டுட்டேன். வீட்டிலேயே மாத்தலாம்னு பார்க்கிறேன், அளவும் முறையும் யாராவது சொல்ல முடியுமா? இன்னொண்ணு, மச்சானோட பிஎஸ்6 டீசல் எஸ்யூவியில ஆயில் குறையாம, மேக்ஸ் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கு. யாரும் ஊத்தலை. இது எப்படி?

வீட்டு_கராஜ் பதில்:

செய்யலாம் அண்ணா, ஒரு மணி நேர வேலை. ஆனா வெறும் ஜாக்கி மேல வண்டியைத் தூக்கி அடியில போகவே கூடாது. சரிவுப் பலகை அல்லது ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரத்துக்கு முட்டுக் கட்டை.

வாங்க வேண்டியது: 0டபிள்யூ-20 முழு சிந்தெடிக், டப்பாவில் ஏபிஐ எஸ்பி தரம் பார்த்து வாங்குங்க (2020 மே மாசம் வந்த தரம், பழைய எஸ்என்-க்குப் பதிலாத் தாராளமாப் போடலாம்). ஃபில்டரோட மாத்தினா உங்க எஞ்சினுக்குச் சுமார் 3.1 லிட்டர் பிடிக்கும், புத்தகத்துல ஒரு தடவை சரிபார்த்துக்குங்க. கம்பெனி ஆயில் ஃபில்டர் ஒண்ணு, டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் ஒண்ணு. ஃபில்டரை மலிவா வாங்காதீங்க. வண்டி நிக்கும்போது ஃபில்டருக்குள்ள இருக்கிற ஆயில் வடியாம ஒரு ரப்பர் வால்வு தடுக்குது. மட்டமான ஃபில்டர்ல அது சீக்கிரம் விறைச்சுப் போய், ஒவ்வொரு காலையும் எஞ்சின் வறண்டு ஸ்டார்ட் ஆகும்.

அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க. கை சுடுற அளவுக்குச் சூடு வேண்டாம். மேலே ஆயில் மூடியைத் திறந்து வச்சிட்டா கீழே சீரா வடியும். டிரெய்ன் போல்ட்டை ரிங்கு ஸ்பேனர் இல்லன்னா சாக்கெட் போட்டுத்தான் கழட்டணும், ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும். கடைசிச் சுற்று வரும்போது போல்ட்டை உள்ளே அழுத்திப் பிடிச்சே திருப்பி, சட்டுன்னு எடுங்க. 15 நிமிஷம் வடியட்டும்.

வடிஞ்ச ஆயில்ல ரெண்டு விரலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு இருந்தா சரி. மணல் மாதிரி உறுத்தினாலோ, வெயில்ல செம்பு நிறத்துல மினுமினுன்னு தூள் தெரிஞ்சாலோ பேரிங் தேயுது, வண்டியை மெக்கானிக்கிட்ட காட்டணும்.

புது வாஷரோட போல்ட்டை முதல்ல கையாலயே முழுசாத் திருகுங்க. கையில போகலைன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், திரும்பக் கழட்டிப் போடுங்க. இறுக்க வேண்டிய அளவு 35 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லைன்னா வாடகைக்காவது எடுத்துக்குங்க. "இன்னும் கொஞ்சம்"னு இழுத்து இறுக்கி சம்ப் மரையை அறுத்துக்கிறதுதான் வீட்டு வேலையில வர்ற பெரிய தப்பு.

பழைய ஃபில்டரைக் கழட்டினதும் அதுல ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கான்னு கண்ணால பாருங்க. பழைய வளையம் எஞ்சின்ல ஒட்டிக்கிட்டிருந்து, அது மேலேயே புதுசை மாட்டினா, ஸ்டார்ட் பண்ணின சில நொடியில அழுத்தத்துல பிதுங்கி மொத்த ஆயிலும் தரையில ஊத்திடும். புது வளையத்துல விரலால புது ஆயிலைத் தடவி, கையால திருகி, வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. ஃபில்டர் ரெஞ்ச் கழட்டுறதுக்கு மட்டும்தான்.

முதல்ல 2.8 லிட்டர் ஊத்துங்க. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரைத் தொடாம விடுங்க. ஆயில் விளக்கு சில நொடியில அணையணும். ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, அடியில கசிவு பார்த்து நிறுத்துங்க. சமதளத்துல அஞ்சு நிமிஷம் நின்ன பிறகு டிப்ஸ்டிக்கைத் துடைச்சு மறுபடி விட்டுப் பார்த்து, மேக்ஸ் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மேக்ஸைத் தாண்டக் கூடாது.

அதே சமயம் பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டிப் பாருங்க. உள்ளே கடகடன்னு அசையணும். அசையலைன்னா மாத்திடுங்க. உங்க மாதிரி குட்டி ஓட்ட வண்டிக்குத் தண்ணி ஆவி வெளியே போற ஒரே வாசல் அதுதான்.

லூப்_கெமிஸ்ட்:

மச்சான் வண்டிக்கு. ஆயில் கூடலை, டீசல் கலந்திருக்கு. பிஎஸ்6 டீசல்ல புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் நிறைஞ்சதும், அதைச் சுட்டுச் சுத்தம் பண்ண எஞ்சின் கூடுதலா டீசலைத் தாமதமாப் பீய்ச்சும். அந்த டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா சம்புக்கு வரும். பாதியில வண்டியை நிறுத்தினா அந்தச் சுத்தம் முடியாது, அடுத்த தடவை மறுபடி முதல்லேருந்து. ஊருக்குள்ளேயே ஓடுற வண்டியில இது திரும்பத் திரும்ப நடந்து மட்டம் ஏறும். பெட்ரோல் மாதிரி டீசல் சூட்டுல லேசில ஆவியாகவும் ஆகாது.

மேலே மிதமிஞ்சினதை மட்டும் உறிஞ்சி எடுத்தாப் போதும்னு சில பேர் சொல்வாங்க. போதாது, மிச்சம் இருக்கிறதும் நீர்த்துப் போன ஆயில்தான். முழுசா மாத்தணும். மாத்துற வரைக்கும் விரட்டி ஓட்டாதீங்க. மட்டம் ரொம்ப ஏறினா க்ராங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கும். இன்டேக் வழியா அந்த ஆயிலையே குடிச்சு, எஞ்சின் சாவியை அணைச்சும் நிக்காம எகிறுற நிலைமை வரைக்கும் போகலாம். டப்பாவில் புத்தகம் கேட்கிற சி2 அல்லது சி3 மாதிரி சாம்பல் குறைஞ்ச தரம் இருக்கணும். கரி எரிஞ்சு போகும், ஆயில் சாம்பல் எரியாது. டிபிஎஃப்பை நிரந்தரமா அடைச்சிடும். வாரத்துக்கு ஒரு தடவை பைபாஸ்ல 25, 30 நிமிஷம் ஒரே சீரா 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே ஓட்டச் சொல்லுங்க.

ஆதம்பாக்கம், உங்க வண்டிக்கும் இதுல ஒரு பாடம் இருக்கு. குட்டி குட்டியா ஓட்டும்போது ஆயில் எரிஞ்சு குறையும், அந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பும். டிப்ஸ்டிக்கில் மட்டம் மாறாத மாதிரி தெரியும். திருச்சி வரைக்கும் ஒரே மூச்சில ஓட்டினா பெட்ரோல் ஆவியாகிப் போய், உண்மையான மட்டம் அப்பதான் வெளியே வரும். டிப்ஸ்டிக்கில் மினிமம் கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் நடுவுல பெரும்பாலான கார்ல சுமார் ஒரு லிட்டர். அதனால நெடும் பயணத்துல பாதி வழியில, வண்டி ஆறினதும் ஒரு தடவை பார்த்துடுங்க.

டேப்பெட் கவர்:

ரெண்டு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. டிசம்பர் மழையில சக்கரம் முழுகுற தண்ணியில வண்டி நின்னிருந்தா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கைப் பாருங்க. மட்டம் ஏறியிருந்தா, வெளுத்திருந்தா, சாவியைத் தொடாம டோ பண்ணுங்க. ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி ஒரு தடவை மாத்தினாதான் உள்ளே ஒளிஞ்ச தண்ணி போகும்.

வடிச்ச பழைய ஆயிலைச் சாக்கடையில விடாதீங்க, அது மத்திய அரசோட 2016 கழிவு விதிகள்படி அபாயக் கழிவு. புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊத்தி மூடி, பழைய ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்ல குடுங்க. காலி டப்பாவைக் கடையில போடறதுக்கு முன்னாடி ஆணியால ரெண்டு மூணு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழிச்சிடுங்க. போலி ஆயில் அடைக்கிறவங்களுக்கு முழுசா இருக்கிற நல்ல டப்பாதான் வேணும்.

ஆதம்பாக்கம் ஸ்விஃப்ட்:

சனிக்கிழமை மாத்திடறேன். இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை போதுமா, இல்ல ஆறு மாசமா?

லூப்_கெமிஸ்ட்:

சிந்தெடிக் போட்டு, மாசத்துக்கு ரெண்டு தடவை 40 நிமிஷ ஓட்டம் குடுத்தா ஒரு வருஷம் போதும். அந்த ஓட்டம் குடுக்க முடியாதுன்னா ஆறு மாசம். மாத்தின தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. ஆறாவது மாசம் ஒரு சொட்டை ப்ளாட்டிங் பேப்பர்ல விட்டுப் பாருங்க, படத்தை இங்கே போடுங்க.